வந்து சேர்ந்த வண்டி

அந்த நாற்காலி வேணாம் மேடம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. எங்க சூப்பர்வைசர் கணக்குப் பாக்க வந்த உங்களுக்கு டீ சொல்லப் போயிருக்காரு, அவர் வர்றதுக்குள்ள சொல்லிடறேன். கையில வச்சிருக்கீங்களே அந்தத் தாளு, ஆம்புலன்ஸ் கூப்பிட்டா சராசரி ஒன்பது நிமிஷத்துல வருதுன்னு, அது சுத்தப் பொய்.

ஐயோ, எழுந்துக்காதீங்க. கேளுங்க.

இந்தப் பச்சைப் பொத்தான் இருக்கில்ல, வண்டி நோயாளி வீட்டு வாசலுக்குப் போனதும் இதை அமுக்கணும். இங்க உக்காந்து போன் எடுக்குற நாங்க எப்ப அமுக்குவோம் தெரியுமா? அதோ ஜன்னல்ல தெரியுதே, அந்தப் பாலத்துல வண்டி ஏறினதுமே. அங்கேர்ந்து வீடுங்க இன்னும் இருபது நிமிஷம்! நான் சேர்ந்த அன்னைக்கே சூப்பர்வைசர் சொல்லிக் குடுத்தாரு, பாலம் ஏறிட்டா வந்த மாதிரி தாம்மான்னு. என் வீட்டுக்காரரும் இப்படித்தான், தெருமுனையில கதை பேசிக்கிட்டே வந்துட்டேன், வந்துட்டேன்பாரு. அவர் வரலைன்னா சோறு தான் ஆறும்.

நேரம் நல்லா காட்டினா மாவட்டத்துக்கு நிதி வரும்னு தான் ஆரம்பிச்சாங்களாம். வந்தது என்னவோ அலமாரி மேல இருக்கே, அந்தப் பரிசுக் கேடயம் தான். மூணாவது வண்டி வேணும்னு எழுதினா, ஒன்பது நிமிஷத்துல போறீங்களே, எதுக்கு இன்னொண்ணுன்னு மேலேர்ந்து பதில். எங்க வாயில நாங்களே மண்ணைப் போட்டுக்கிட்டோம். வாரா வாரம் அந்தக் கேடயத்தை நான் தான் துடைக்கணும். பிள்ளையோட பீத்துணி அலசுறப்போ கூட எனக்குக் குமட்டினதில்ல மேடம். அதைத் தொட்டா குமட்டுது.

இல்ல, வெறும் கணக்குத் தப்புன்னா நான் வாயத் திறந்திருக்க மாட்டேன். பச்சை அமுக்கிட்டா திரையில வந்தாச்சுன்னு விழுந்துடும். அப்புறம் அந்த வண்டியை யாரும் திரும்பிப் பாக்குறதில்ல. போன மாசம், ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஒருத்தருக்கு நெஞ்சுவலி. வண்டி பாலம் ஏறுச்சு, அமுக்கிட்டேன். பாலம் இறங்கின இடத்துல இஞ்சின் நின்னுபோச்சு. டிரைவர் வயர்லெஸ்ல கத்தியிருக்காரு, அது தான் ஆறு மாசமா ஊமையாக் கெடக்கே. அதுக்குள்ள அந்த வீட்டம்மா மறுபடி கூப்பிடுறாங்க, வண்டி எங்கன்னு. ஒரே அழுகை, குரலே புரியல. திரையைப் பாத்தேன். வந்தாச்சுன்னு இருக்கு. நானே அமுக்கினதை நானே நம்பிட்டேன், எப்படிப்பட்ட மூளை பாருங்க! வண்டி உங்க வாசல்ல தான் நிக்குது, வெளிய போய்ப் பாருங்கம்மான்னு சொன்னேன்.

போயிருக்காங்க. அவரைத் தனியா விட்டுட்டு, முன்வாசல், பின்தெரு, முக்கு வரைக்கும். திரும்பி வந்தப்போ அவருக்கு உசிரு போயிருந்துச்சு.

எழுதுங்க மேடம். என் பேரைப் போட்டே எழுதுங்க. வேலை போகும், தெரியும். இந்தக் கை வேற எதாவது வேலை செஞ்சு பொழைச்சுக்கும்.

இத்தனை நாள் கழிச்சு ஏன்னா... திரையில எங்களுக்கு நம்பர் மட்டும் தான் தெரியும், பேர் தெரியாது. மறுநாள் தான் தெரிஞ்சுது, அந்த வீட்டம்மா என் சின்னவளைப் பகல்ல பாத்துக்குற அக்கான்னு. இப்பவும் அவங்ககிட்ட தான் விட்டுட்டு வந்திருக்கேன். தினம் காலையில பிள்ளையை வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டு அதையே தான் சொல்றாங்க. வண்டி வாசல்லயே நின்னிருக்கு, பாவி நான் தான் எந்தப் பக்கம் பாத்தேனோ, என் கண்ணுல படலியேன்னு. நானும், சாயங்காலம் வந்துடறேங்கா, பால் பாட்டில் பையில இருக்குன்னு சொல்லிட்டு வந்துடறேன்.