தந்தியின் உயரம்

மேகலாவுக்கு,

புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு நான்கு தந்தி பேஸ் கிட்டாரே போதும். ஐந்து தந்தி, ஆறு தந்தி எல்லாம் கடையில் தொங்கும்போது கம்பீரமாக இருக்கும், விற்கிறவரும் ஆசை காட்டுவார். ஆனால் நம் பக்கத்துத் திருவிழா மேடையில் வாசிக்கிற பாட்டெல்லாம் நான்கு தந்திக்குள் அடங்கிவிடும். உங்கள் வீட்டில் இருப்பது ஐந்து தந்தி. பரவாயில்லை, தடித்த ஐந்தாவது தந்தியை இப்போதைக்குக் கட்டைவிரல் சாய்த்துக்கொள்ளும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நீங்கள் அனுப்பிய செய்தியை நான்கைந்து முறை படித்தேன். “அண்ணே, அவரு கிட்டார நான் கத்துக்கலாம்னு இருக்கேன். அவரால வாசிக்க முடியாட்டியும் வீட்டுல அந்தச் சத்தமாவது கேக்கட்டும். எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க” என்று எழுதியிருந்தீர்கள். போனிலேயே பதில் அனுப்பியிருக்கலாம். போனில் எழுதினால் நானே அழித்துவிடுவேன் என்று தோன்றியதால் தாளில் எழுதுகிறேன்.

முதல் விஷயம் மணிக்கட்டு. தோள் பெல்ட்டை ஏற்றிக் கட்டுங்கள், கிட்டார் நெஞ்சுக்குக் கீழே நிற்க வேண்டும். முழங்கையிலிருந்து விரல்வரை இடது கை வளையாமல் இருந்தால் எத்தனை வருடம் வேண்டுமானாலும் வாசிக்கலாம். உங்கள் கணவர் செழியனுக்கும் முதல் நான்கு மாதம் அப்படித்தான் கட்டிவிட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெல்ட்டை இறக்கி இடுப்புக்குக் கீழே தொங்கவிடச் சொன்னேன். அப்படி வைத்தால் மணிக்கட்டு கொக்கியாக மடங்கித்தான் தந்திக்குப் போகும். மேடையில் பார்க்க நன்றாக இருக்கும் என்று காரணம் சொன்னேன். அவர் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

அடுத்தது ஆம்ப், கிட்டாரின் சத்தத்தைக் கூட்டித் தரும் பெட்டி. சின்னதாக ஒன்று இருந்தால் போதும், ஆனால் அது இல்லாமல் பழகாதீர்கள். சத்தம் காதில் விழவில்லை என்றால் வலது கை தந்தியைப் பிய்த்து இழுக்கும், அதைப் பார்த்து இடது கையும் இறுக்கிப் பிடிக்கும். தடவுகிற மாதிரி வாசித்து, சத்தத்தை ஆம்ப்பிடம் விட்டுவிட வேண்டும். செழியனிடம் சிங்கப்பூரிலிருந்து வந்த நல்ல ஆம்ப் இருந்தது. என்னுடையது ரிப்பேர் என்று சொல்லி அதை இரண்டு மாதம் வாங்கிப்போனேன். என்னுடையது ரிப்பேர் இல்லை. அவர் ஆம்ப் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது, நான் ஒரு நாள்கூட அதைப் போடவில்லை.

வலியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எரிச்சல் வேறு, வலி வேறு. விரல் நுனி எரிந்தால் கவலைப்படாதீர்கள், இரண்டு வாரத்தில் தோல் தடித்துவிடும். மணிக்கட்டில் வலித்தாலோ, சுண்டுவிரல் பக்கம் சுருசுருவென்று மரத்துப்போனாலோ அந்த நிமிடமே கீழே வைத்துவிட வேண்டும். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் சோறு வடிக்கிற நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு அவ்வளவு போதும்.

செழியனை மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் வாசிக்கச் சொன்னேன். “மாஸ்டர், சுண்டுவிரல் மரத்துப்போகுது” என்று அவர் சொன்னபோது, “நல்லதுதான், கை பழகுதுன்னு அர்த்தம். விட்டுறாதீங்க” என்றேன்.

இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். புரிந்த பிறகும் மேலே படியுங்கள், சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது.

என் அப்பா உங்கள் மாமனார் வயலில் நாற்றுப் பறித்தவர். அதற்குத்தான் பழி தீர்த்தேன் என்று சொன்னால் எனக்குச் சௌகரியமாக இருக்கும், கேட்கிறவர்களில் பாதிப் பேர் மன்னித்தும் விடுவார்கள். காரணம் அது இல்லை. செழியன் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். கூடத்தில் தன் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் சாப்பிடுவார். அவரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பத்தொன்பது வருடமாக நான் செல்லதுரை அண்ணன் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். பாடுகிறவரை ஊரே பார்க்கும், கீபோர்டுக்காரரைப் பாதி ஊர் பார்க்கும், பேஸ் வாசிக்கிறவன் நிற்கிறானா போனானா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அதில் வருத்தமில்லை. டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் அந்த இடத்தில் நிற்கும்போது மட்டும்தான் நான் ஒரு ஆள். மற்ற நேரத்தில் என்னிடம் என்ன இருக்கிறது? நாற்பத்து மூன்று வயது, கூட யாருமில்லாத வாடகை வீடு, வேறு எந்த வேலையும் தெரியாத கை. சுற்றுவட்டாரத்தில் பல குழுக்கள் பேஸ் ஆளையே நிறுத்திவிட்டு அதைக் கீபோர்டிலேயே வாசித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டன. அந்த இடம் போனால் நான் எங்கே போய் நிற்பேன்?

செழியன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலையை விட்டு ஊருக்கு வந்த புதிதில், ஆசைக்குக் கற்றுக்கொள்கிறேன் என்றுதான் என்னிடம் வந்தார். நானும் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாவது மாதம், ஆடிக் கச்சேரிகளுக்கு முன்னால், ஒத்திகை பார்க்க அவரையும் பாபநாசத்துக்குக் கூட்டிப்போனேன். நான்தான் கூட்டிப்போனேன். ஒரு பாட்டுக்கு அவரை வாசிக்கச் சொன்னார்கள். எங்கள் டிரம்மர் ஜாபிர், வாசிக்கும்போது முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையாத ஆள். அன்றைக்கு இரண்டாவது சரணத்தில் தலையைத் திருப்பி செழியனைப் பார்த்துச் சிரித்தார். பத்தொன்பது வருடத்தில் என்னைப் பார்த்து அப்படி ஒரு தரம் சிரித்ததில்லை.

செழியன் என்னைவிட நன்றாக வாசித்தார். ஐந்தே மாதத்தில். விரல் சுத்தத்தில் நான் மேல்தான். ஆனால் எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, எனக்கே இன்னும் சரியாக வராது. திரும்பி வரும்போது செல்லதுரை அண்ணன் வேனில் என் தோளில் கை போட்டு, “செழியன் தேறட்டும் பரிதி. அப்புறம் நீ கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கலாம்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். மறு ஞாயிற்றுக்கிழமைதான் பெல்ட்டை இறக்கச் சொன்னேன்.

உங்கள் செய்தியின் கடைசியில் ஒன்று எழுதியிருந்தீர்கள். “ஸ்ட்ரிங்க அழுத்தவே முடியலண்ணே. ஒரு தடவ அழுத்துறதுக்குள்ள விரல் வெட்டுப்பட்ட மாதிரி ஆயிருச்சு. பொம்பளக் கைக்கு இது வராதோ?”

வரும். குறை உங்கள் கையில் இல்லை. தந்திக்கும் அது ஓடுகிற பலகைக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறதல்லவா, ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அதில் உரசாமல் நுழைய வேண்டும். மூன்றாவது நுழையக் கூடாது. உங்கள் வீட்டுக் கிட்டாரில் ஐந்து நுழையும். அந்த அளவுக்கு ஏற்றியது நான்.

ஐப்பசி மழையில் கிட்டாரின் மரம் ஊதும், அதன் கழுத்து வளையும். அது உண்மைதான், டெல்டாவில் கிட்டார் வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்தப் பாடு உண்டு. அதைச் சாக்காக வைத்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொள்வேன். தந்தி உட்கார்ந்திருக்கும் இடத்தில் குட்டிக் குட்டித் திருகுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் அரைச் சுற்று ஏற்றுவேன். அரைச் சுற்று ஏற்றினால் ஒன்றும் தெரியாது. அப்படிப் பதினொரு வாரம். இதற்கு நடுவில், இருக்கிற தந்திகளைக் கழற்றி இன்னும் தடித்த தந்திகளைப் போட்டேன். எல்லாம் செழியன் கண்ணெதிரே, நீங்கள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டேதான்.

அவர் தன் மேல்தான் சந்தேகப்பட்டார். “போன வாரம் அழுத்துன மாதிரி இந்த வாரம் முடியல மாஸ்டர். எனக்கு வயசாயிருச்சு போல” என்பார். பயிற்சி போதவில்லை என்பேன். அவர் மூன்று மணி நேரத்தை நான்காக்குவார். சொன்னதைக் கேட்டு நடக்கிற மனிதர். யாரை நம்புகிறோம் என்று பார்த்து நம்பியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று சில சமயம் எனக்கு அவர் மேல் கோபம்கூட வரும்.

தஞ்சாவூர் டாக்டர் நரம்பு நசுங்கியிருக்கிறது, மூன்று மாதம் கிட்டாரைத் தொடவே கூடாது என்றார். அதற்குள் மாசித் திருவிழாவில் என் இடத்தில் அவர்தான் வாசிப்பார் என்று செல்லதுரை அண்ணன் முடிவு செய்திருந்தார். அன்றைக்கு நான் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். என்ன செய்யலாம் மாஸ்டர் என்று என்னிடம் கேட்டார். நீங்கள் அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தீர்கள். நான் சொன்னால் கேட்பார் என்று நம்பிப் பார்த்தீர்கள். “டாக்டருக்கு மேடையப் பத்தி என்ன தெரியும்? வலிக்கு ஒரு ஊசியப் போட்டுக்கிட்டு மாசித் திருவிழாவ முடிச்சிருங்க, அப்புறம் எத்தன மாசம் வேணும்னாலும் ஓய்வெடுக்கலாம்” என்றேன். நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். அன்றைக்கு நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பேன். இதை உங்கள் மேல் பழியாகச் சொல்லவில்லை.

அந்த மாசிக் கச்சேரியில் மூன்றாவது பாட்டு. பல்லவி முடிந்து திரும்பும் இடத்தில் அவருடைய இடது கை விரல்கள் தாமாகவே உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. அவர் வலது கையால் அவற்றைப் பிரித்துப் பிரித்துத் தந்தியில் வைத்தார். அவை மறுபடியும் மடங்கின. மேடைக்குக் கீழே ஐந்நூறு பேர் இருந்தார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. நான் ஓரத்தில் நின்றிருந்தேன். என் கிட்டாரை வீட்டிலேயே சுருதி சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வந்திருந்தேன். சரணம் தொடங்குவதற்குள் அவர் இடத்துக்குப் போய் நின்று வாசித்தேன். பாட்டு ஒரு இடத்திலும் தொய்யவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகும் கை திரும்பவில்லை. தம்ளரைப் பிடிக்க முடியாது, பைக் கிளட்சை அழுத்த முடியாது, சட்டைப் பொத்தானை நீங்கள்தான் போட்டுவிடுகிறீர்கள். இந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை. “எல்லாரும் மறந்துட்டாங்க மாஸ்டர். நீங்க ஒருத்தர்தான் வந்து பாக்குறீங்க” என்று போன வாரம் செழியன் அழுதார். நான் அவருடைய அந்தக் கையைத் தடவிக்கொடுத்தேன். விரல்கள் மடங்கியேதான் இருந்தன.

மனசாட்சி உறுத்தி இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உறுத்தியது உண்மை, ஆனால் அதனால் எழுதவில்லை. தந்தி கடினமாக இருக்கிறது என்று நீங்கள் அந்தக் கிட்டாரைத் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒரு கடையில் காட்டுவீர்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவன் தொட்டுப் பார்த்ததுமே இதை யார் இப்படி ஏற்றியது என்று கேட்பான். அவன் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்றுதான். முதலில் தந்திகளை இறக்கச் சொல்லுங்கள், மெல்லிய தந்திகளைப் போடச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். உங்கள் கையாவது நன்றாக இருக்கட்டும்.

உங்கள் கணவரின் கையை நான்தான் கெடுத்தேன். தெரியாமல் நடந்ததில்லை. பதினொரு வாரம், அளந்து அளந்து, அது கெடும் என்று தெரிந்தேதான் செய்தேன். இந்தக் கடிதத்தை போலீஸில் கொடுப்பீர்களோ, செல்லதுரை அண்ணனிடம் காட்டுவீர்களோ, செழியனுக்குப் படித்துக்காட்டுவீர்களோ, உங்கள் இஷ்டம். அவருக்குப் படித்துக்காட்டினால் இதையும் சேர்த்துப் படியுங்கள். அவர் விட்டுப்போன இடத்தை நான் வீணாக்கவில்லை. ஒத்திகைக்கு ஒரு நாள் தவறியதில்லை, மேடையில் ஒரு அடி பிசகியதில்லை. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம்வரை யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், இன்றைக்கு இந்தப் பக்கத்தில் என்னைவிட நன்றாக பேஸ் வாசிக்கிறவர் ஒருவரும் இல்லை.

பரிதி