என் கைபேசியில் இருந்த பூட்டு

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் மெதுவாக வையுங்கள் ஐயா, எனக்குச் சளி பிடித்திருக்கிறது. கேட்பதற்கெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

எங்களுடையது சின்னக் கடன் சங்கம். பெரிய நிதி நிறுவனம் ஒன்று எங்களுக்குப் பணம் தரும். வங்கி எட்டிப் பார்க்காத தகரக்கூரைத் தெருக்களில் நாங்கள் அதைக் கடனாகக் கொடுத்து, வீட்டுக்கு வீடு சோலார் போடுவோம். அதோடு வரும் பேட்டரிப் பெட்டிக்குள் ஒரு பூட்டு உண்டு. தவணை கட்டாதவர் வீட்டு மின்சாரத்தை என் கைபேசியிலிருந்தே நிறுத்தலாம்.

நீங்கள் கேட்கும் அந்தத் தையல்காரியும் எங்களிடம் கடன் வாங்கியவள்தான், ஒரு தவணைகூடத் தவறவிட்டதில்லை. அவள் கணவன் முன்பு சுண்ணாம்புச் சூளையில் வேலை பார்த்தவன், நுரையீரல் போய்விட்டது. சுவாச மிஷின் இல்லாமல் அவனால் படுக்க முடியாது. அதற்காகவே அவளுக்கு முதல் ஆளாகக் கடன் கொடுத்தேன். அவன் படத்தைக் காட்டித்தான் நிதியே வாங்கினோம் என்று வையுங்களேன்.

நிதிக்காரர்கள் பார்வையிட வந்த அன்று, கூட்டத்தில் அவள் எழுந்தாள்.

"புது பேட்டரின்னு சொல்லி, பழசுக்குப் பெயின்ட் அடிச்சுக் குடுத்திருக்காருங்க. சுரண்டித்தான் பாருங்களேன்."

வந்தவர்களில் ஒருவர் சாவியால் சுரண்டியும் பார்த்தார். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. அவள் சொன்னது பொய்யில்லை. புதுசுக்கும் பழசுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில்தான் என் வீட்டுக்கு மாடி எழுந்தது. ஊருக்கு உழைப்பவனுக்கு ஒரு மாடி ஆகாதா? ஆனால் பேச இடம், பொருள் இருக்கிறதல்லவா? அடுத்த நிதி நின்றுபோனது. எனக்கு வயிறு எரிந்தது ஐயா, மறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் கைபேசியிலிருந்தே அவள் வீட்டு மின்சாரத்தைப் பூட்டினேன். உடனே போன் வந்தது.

"அண்ணே, கரண்ட் போச்சுண்ணே. மிஷின் நின்னுடுச்சு. அவரு மூச்சுக்குத் தவிக்கிறாருண்ணே."

"பழைய பேட்டரிதானேம்மா, அப்படித்தான் நிக்கும். நாளைக்கு ஆள் அனுப்பறேன்."

"நான் பேசினது தப்புத்தாண்ணே. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

இதை அவள் அந்தக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம். பின்னால் அவன் இழுத்து இழுத்து மூச்சு விடுவது எனக்கும் கேட்டது. இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும், சாப்பிட்டுவிட்டுத் திறக்கலாம் என்று போனை வைத்தேன். மறுபடி மறுபடி அடித்தது. சாப்பிடும்போது போன் எடுப்பது என் மனைவிக்குப் பிடிக்காது.

கை கழுவிவிட்டு வந்து, நினைத்தபடியே பூட்டைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவன் போய்விட்டான். என்னைக் கொலைகாரன் என்று எழுதுகிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தெருக்காரர்கள் இருட்டில் உட்கார்ந்து அழவில்லை ஐயா. பிணத்தின் தலைமாட்டில் விளக்கு பளிச்சென்று எரிந்ததாம். அது யார் கொடுத்த வெளிச்சம் என்று ஒருவராவது சொன்னார்களா?