மத்தியகளத்துக்கு ஒரு மாப்பிள்ளை

உங்கள் வீட்டு இஞ்சிப் பிளேன்டீ அருமையாக இருக்கிறது, காதியார் அவர்களே. எனக்குச் சீனி வருத்தம் என்று கேட்டறிந்து, சீனி போடாமல் தந்திருக்கிறீர்கள். ஒருவர் உடம்பை ஒருவர் இப்படிக் கவனித்துக் கொண்டால் விவாகரத்து வழக்குகளே வராது. என் மகள் சிபானா தன் கணவர் ஸப்ரியைப் பிரிய வேண்டுமென்று உங்களிடம் மனுக் கொடுத்திருக்கிறாள். அது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வந்தேன். இடையில் அஸருக்குப் பாங்கு சொன்னால் நிறுத்திக் கொள்கிறேன்.

கல்முனை பசாரில் சாறன் துணிக்கடை வைத்திருப்பவன் நான். ஊர் என்னை மதிப்பது சாறனுக்காக அல்ல. நீலப்பிறை விளையாட்டுக் கழகத்தின் ரசிகர் சங்கத் தலைவர் நான். எங்கள் அணியில் ஓடுகிறவர்கள் உண்டு, உதைக்கிறவர்கள் உண்டு, நடுவரோடு சண்டை பிடிக்கவென்றே இரண்டு பேர் தனியாக உண்டு. பந்தை வைத்துக் கொண்டு யோசிக்க மட்டும் ஒருவரும் இருக்கவில்லை.

அந்தக் குறையைச் சென்ற வருடம் கடற்கரை ஹோட்டலில் கூடிப் பேசினோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் சியாம் சேர்தான் தொடங்கினார். இங்கிலாந்துப் போட்டிகளைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து அவருக்கு மூக்குக் கண்ணாடி இரண்டு முறை மாறிவிட்டது.

"நவீன உதைபந்தாட்டத்துல மத்தியகளத்துக்கு ஒரு படைப்பாளி இல்லாம ஒண்டும் நடவாது" என்றார்.

"படைப்பாளி வேணுமெண்டா கல்முனையில கவிஞர்மாரு நிறைய இரிக்காங்க சேர். ஒராள எறக்குவம்" என்றான் கோழிக்கடை முஸ்தாக்.

"பகிடி உடாத. நிந்தவூர் ஸப்ரியத்தான் செல்றன்."

"ஸப்ரியா? பந்து வந்தா மையத்து ஊட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கான். ஓடுறானுமில்ல."

"ஓடுறதுக்கு நம்மட்ட பத்துப் பேர் இரிக்காங்க. எங்க ஓடுறெண்டு காட்டத்தான் ஆளில்ல."

"அவன் பாஸ் குடுத்த எடத்துல ஒருத்தரும் இல்லையே சேர்."

"ஒருத்தரும் இல்லாத எடத்தக் காணுறதுதான்டா படைப்பு."

"அப்ப எண்ட கடைக்கும் ஒருக்காக் கூட்டி வாங்க. பின்னேரத்துல ஒருத்தரும் இல்லாத எடம் அதுதான்."

பல வெள்ளிக்கிழமைகள் இப்படியே போயின. ஒரே வீட்டில் வாப்பா ஸப்ரிக்கு ஆதரவு, மகன் எதிர்ப்பு. கடைசியில் நான் எழும்பி, அவரைக் கொண்டு வருவது என் பொறுப்பு, சரிவராவிட்டால் என்னைக் கேளுங்கள் என்றேன். சபை அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

பிரச்சினை லீக்கின் விதியில் இருந்தது. வெளியூர் வீரரைச் சேர்ப்பதானால் அவர் எங்கள் ஊரில் வசிக்க வேண்டும். வாடகை வீடு பார்க்கலாம் என்றார் சியாம் சேர். "தனி ஆம்பிள, ஒரு மாசத்துல உம்மாட சோத்தத் தேடி ஓடிருவான்" என்றான் முஸ்தாக். அவன் சொன்னதில் உண்மை இருந்தது.

காதியார் அவர்களே, எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வந்தவர் இலேசில் திரும்பிப் போகமாட்டார், போனால் இரண்டு ஊரும் கதைக்கும். இதைவிட உறுதியான ஒப்பந்தம் எந்த நாட்டு லீக்கில் இருக்கிறது? மகளுக்கு வீடும் ஏற்கெனவே கட்டியிருந்தேன். மைதானத்திலிருந்து கூப்பிடு தூரம்.

மகளிடம் கேட்காமல் செய்யவில்லை. "மாப்பிள்ளைக்கு என்ன தொழில் வாப்பா?" என்றாள். "மத்தியகளம்" என்றேன். அது ஏதோ அரசாங்கத் திணைக்களம் என்று நினைத்திருப்பாள். நான் திருத்தவில்லை. கலியாணப் பதிவுக் காவினில் ஸப்ரியும் நானும் ஒப்பமிட்டோம். ரசிகர்கள் கழகத்தின் நீல ஜேர்சியில் வந்து கைதட்டினார்கள். மகள் உள்ளே இருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப் போய்விட்டது.

பயிற்சிக்குப் போக வேண்டிய நேரத்தில் ஸப்ரி குசினியில் இருந்தார். மகள் சோற்றுக்கு ஆணம் காய்ச்ச, அவர் பக்கத்தில் பலகை போட்டு இறால் உரித்துக் கொடுப்பார். எதிரணியின் பாதுகாப்பைப் பிளக்க வேண்டியவர் இறாலின் முதுகைப் பிளந்து கொண்டிருந்தார். மைதானத்திலும் சிரித்த முகம். பந்து வந்தால் பக்கத்தில் நிற்பவருக்கே பணிவாகக் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுக் கூரையைப் பார்ப்பார். மகள் முழுகாமல் இருப்பது தெரிந்த பிறகு இன்னும் மோசம். தோற்ற போட்டியிலும் சிரித்தார்.

"காக்கா, மத்தியகளம் குசினிக்குள்ள மாறிட்டுப் போல" என்றான் முஸ்தாக். ஹோட்டல் முழுவதும் சிரித்தது. சியாம் சேர்கூடக் கண்ணாடியைத் துடைப்பது போலக் குனிந்து சிரித்தார். பொறுப்பேற்றவன் நான். பெருநாள் தொழுகையில்கூடப் பக்கத்தில் நின்றவர் ஸலாம் கொடுத்த கையோடு, "மருமகன் எப்ப விளையாடுவார்?" என்று கேட்டார்.

வழி தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒருநாள் ஸப்ரி மகளைக் கிளினிக்கிலிருந்து கூட்டி வர மறந்துவிட்டார். அவள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அன்று பின்னேரம் அவர் விளையாடியதைப் பார்த்திருக்க வேண்டும். முகம் கறுத்திருந்தது, ஒருவரையும் பார்க்கவில்லை, பந்து மட்டும் யாருமில்லாத இடங்களைத் தேடித் தேடிப் போனது. வென்றோம். படைப்புக்கு மனவருத்தம் வேண்டும் என்று சியாம் சேர் அன்று விளக்கம் சொன்னார். அவர் விளக்கத்தோடு விட்டுவிட்டார். செயலில் இறங்கியவன் நான்.

சிறிதாகத்தான் தொடங்கினேன். "நீ காய்ச்சுற ஆணம் உப்பெண்டு மருமகன் செல்றார்" என்று மகளிடம் சொன்னேன். அடுத்த போட்டிக்கு முன், "வேலவெட்டி இல்லாதவரெண்டு அவ கூட்டாளிமாருக்கிட்டக் கவலப்படுறா" என்று அவரிடம் சொன்னேன். இரண்டு போட்டியும் எங்களுக்கு. ஆனால் சின்னப் பொய் சீக்கிரம் பழகிவிடுகிறது. இருவரும் பின்னேரத்துக்குள் சமாதானமாகி மறுபடியும் இறால் உரிக்க உட்கார்ந்துவிடுவார்கள்.

இறுதிப் போட்டி வந்தது. புதிய சிம் ஒன்று வாங்கி, அக்கரைப்பற்றில் ஒரு பெண் எழுதுவது போல மகளுக்குச் செய்திகள் அனுப்பினேன். ஸப்ரி தன்னைக் கலியாணம் முடிப்பதாக வாக்குக் கொடுத்தார், இன்னும் வந்து போகிறார், இப்படி. தாயில்லாப் பிள்ளை என்பதால் அவள் வேறு யாரிடமும் போகவில்லை. என்னிடம்தான் காட்டினாள். "உண்மையா இரிக்குமா வாப்பா?" என்றாள். உண்மை போலத்தான் இருக்கிறது என்றேன்.

போட்டியன்று காலை, ஸப்ரி அணியோடு மைதானத்துக்குப் போன பிறகு, மகளுக்குப் பிரஷர் ஏறி மயக்கம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எனக்கு மைதானத்தில் வேலை இருந்தது. இடைவேளையில் நாங்கள் ஒரு கோலால் பின்தங்கியிருந்தோம். ஆகவே அப்போதுதான் ஸப்ரியிடம் போய், மகளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, இனி வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்கிறாள் என்று சொன்னேன்.

"என்ன தெரிஞ்ச, மாமா? நான் என்ன செஞ்சன்?" என்றார்.

"அது உங்களுக்குத்தானே தெரியும்" என்றேன்.

ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் ஓடியே போயிருப்பார். அது வேறு வகைக் கவலை, விளையாட்டுக்கு உதவாது.

இரண்டாம் பாதியில் அவர் இரண்டு கோல்களுக்கு வழி செய்தார். அப்படியொரு பாஸ் இந்தக் கரையோரத்தில் இதற்கு முன் யாரும் கொடுத்ததில்லை. "படைப்பாளியெண்டா இதுதான், இதுதான்" என்று சியாம் சேர் என் தோளைக் குலுக்கினார். முஸ்தாக் மட்டும் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்:

"காக்கா, அந்தப் பொடியன் அழுதழுது விளையாடுறான்."

"தெரியும்" என்றேன்.

அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, கிண்ணம் கொடுக்கும் வரை நிற்காமல் போய்விட்டான். ஆரம்பத்திலிருந்தே ஸப்ரிக்கு எதிரானவன், தோல்வியை ஒப்புக்கொள்ளத் தெரியவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள், சாப்பிடுவது குறைவு. குசினிக்குள் போவதில்லை. ஸப்ரி பூட்ஸையும் இரண்டு சேர்ட்டையும் பையில் போட்டுக் கொண்டு உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். என்னை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு தகப்பனின் மனச்சாட்சி இருக்கிறதல்லவா. அதுவும் நேற்று, விவாகரத்து எழுதப்பட்டால் ஸப்ரி எங்கள் ஊர்வாசி அல்லாமல் போவார், நிந்தவூருக்கே விளையாடுவார், புதிய பருவத்தில் எங்கள் முதல் போட்டியும் நிந்தவூரோடுதான் என்று சியாம் சேர் சொன்னதிலிருந்து எனக்கு நித்திரையே இல்லை.

ஆகவே எழுதிக் கொள்ளுங்கள், காதியார் அவர்களே. ஸப்ரி குற்றமற்றவர். அக்கரைப்பற்றில் அப்படி ஒரு பெண் கிடையாது. அந்தப் பெண் நான்தான். சிம் இந்தாருங்கள்.

அவர்களைச் சேர்த்து வையுங்கள். ஒருவர் மேல் ஒருவர் உயிராக இருக்கிறார்கள். ஒரு சிறிய வேண்டுகோள் மட்டும்: செய்திகள் பொய் என்று மகளிடம் சொன்னால் போதும், அனுப்பியது யாரென்று சொல்ல வேண்டாம். மனதின் ஓரத்தில் கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருக்கட்டும். எனக்காகக் கேட்கவில்லை. பிறக்கப் போகும் பிள்ளையும் ஒரு நல்ல மத்தியகள வீரரை வாப்பா என்று கூப்பிட வேண்டாமா.