கொடி பிடிக்க ஒரு சொல்

கெமிரெம்பே: ...அப்ப நீயே சொல்லேன், கேட்கிறேன்!

நின்சீமா: சொல்றதுக்கு என்ன மதினி? எம்பராராவிலிருந்து இந்த நமுகோங்கோ புனிதர்கள் கோயில் வரைக்கும் யாத்திரை... வந்தேன்.

கெமிரெம்பே: ‘வந்தேன்’ பத்தாதுடி. பஸ்ஸுல வந்தவளும் வந்தவதான்.

நின்சீமா: சரி, நடந்தேன்.

கெமிரெம்பே: சந்தைக்குப் போறவளும்தான் நடக்கிறா! உபதேசியார் என்ன சொன்னார்?

நின்சீமா: ‘காலை இழுத்தேன்’னு புனிதர்கள் முன்னாடி சொல்றவங்களுக்குத்தான் நாளைக்கு நம்ம பங்குக் கோயில் கொடியைப் பிடிக்கிற பாக்கியம்னார்...

கெமிரெம்பே: ஆங்! எட்டு நாள்... கொப்புளம் உடைஞ்சு, முட்டி மடங்காம, அடிக்கு அடி மண்ணுல கோடு கிழிச்சுக்கிட்டு வர்றதுக்குத்தான் அந்தச் சொல்லு. எங்கே, பாதத்தைக் காட்டு.

நின்சீமா: ஐயோ, கூசுது! விடுங்க மதினி!

கெமிரெம்பே: என்னடி இது, கல்யாணப் பொண்ணு பாதமாட்டம் வழுவழுன்னு?

நின்சீமா: வெண்ணெய் தடவினேன்... அது சரி, நீங்க ஏன் பாவாடையை இழுத்து உங்க பாதத்தை மூடுறீங்க?

கெமிரெம்பே: குளிருது.

நின்சீமா: வெயில் மண்டையைப் பிளக்குது!

கெமிரெம்பே: பேச்சை மாத்தாதே. என் தம்பி பொண்டாட்டிதானே நீ? தைரியமா சொல்லு, ‘காலை இழுத்தேன்’.

நின்சீமா: காலை... இழு... மதினி, புனிதர்கள் கேட்டுக்கிட்டு இருப்பாங்களே!

கெமிரெம்பே: கேட்கட்டும்.

நின்சீமா: கொடி பிடிக்கிறவங்களை டி.வி.யில காட்டுவாங்களாம். எங்கம்மா தெருவையே கூட்டி உட்கார வச்சிருக்கா... ஆனா முடியல மதினி. சிரிக்க மாட்டீங்கல்ல?

கெமிரெம்பே: நானா? சிரிப்பேன். சொல்லு.

நின்சீமா: மூணாம் நாள் லியான்டொண்டேயில கூட்டத்துல பிரிஞ்சோமே... அங்கே ஒரு வாழைத்தார் லாரி. டிரைவர் ‘ஏறிக்கோம்மா’ன்னார். ஏறிட்டேன். கம்பாலாவுல சித்தி வீட்டுல நாலு நாள் தூக்கம். நம்மாளுங்க ஊருக்குள்ள வந்ததும் பின்னால ஒட்டிக்கிட்டேன்.

கெமிரெம்பே: அடி பாவி...

நின்சீமா: உபதேசியார்கிட்ட சொல்லிடுவீங்களா?

கெமிரெம்பே: வாயைத் திறக்க மாட்டேன். கொடியை நம்ம கூட்டத்துப் பியாருஹங்கா பெரியவர் பிடிக்கட்டும். எட்டு நாளும் தடியை ஊன்றி நடந்து, இப்பதான் வந்து விழுந்தார்.

நின்சீமா: அவர் எதுக்கு? நீங்க இருக்கீங்களே! நீங்க பிடிங்க மதினி, நான் கைதட்டுறேன்.

கெமிரெம்பே: வேண்டாம்டி.

நின்சீமா: ஒரே ஒரு சொல்லுதானே! எழுந்திருங்க, சொல்லுங்க!

கெமிரெம்பே: எப்படிடி சொல்லுவேன்? டிரைவர் பக்கத்துல உட்கார்ந்து ஒன்பது பாட்டு பாடினியே... ஒன்பதுலயும் சுருதி தப்பு. அதே லாரி மேலே வாழைத்தாருக்கு நடுவுல படுத்துக்கிட்டு, சத்தம் போட்டுத் திருத்தவும் வழியில்லாம, காதைப் பொத்திக்கிட்டு வந்தவடி நான்!