பன்னிரண்டு சென்ரிமீற்றர்

தேநீருக்கு நன்றி, சேர். நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. பழைய மூச்சு மெஷின் ஒன்று ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பதினொரு வருடமாக யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. மெஷினைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள், சரியா பிழையா என்று மட்டும் கேட்பார்கள், போய்விடுவார்கள்.

முதலில் அது எதற்கென்று சொல்லிவிடுகிறேன். சிலருக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்று போகும் வழி மூடிக்கொள்ளும். ஈரமான பொலித்தீன் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வதைப் போல. மூச்சு நிற்கும். மூளை பயந்து ஆளை அரைகுறையாக எழுப்பும். ஒரு பெரிய குறட்டை, பிறகு மறுபடி மூச்சு. மணித்தியாலத்துக்கு முப்பது, நாற்பது தடவை இப்படி நடந்தால் இதயம் எவ்வளவு காலம் தாங்கும்? மெஷின் செய்யும் வேலை ஒன்றுதான். முகமூடி வழியாக மெல்லிய காற்றை ஊதி அந்தப் பையை ஒட்டவிடாமல் வைத்திருக்கும்.

ஸைனுலாப்தீன் ஹாஜியாருக்கு வைத்தியர் குறித்துக் கொடுத்த அழுத்தம் பன்னிரண்டு சென்ரிமீற்றர் தண்ணீர். அதாவது, பன்னிரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கிப் பிடிக்கக்கூடிய காற்று. இவ்வளவு உயரம், பாருங்கள், உங்கள் தேநீர்க் கோப்பையைவிடக் கொஞ்சம் கூட. ஒரு மனிதனின் உயிர் இந்த உயரத்தில் நிற்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் அழகான விஷயமாகத்தான் படுகிறது.

இதை அளக்க விலையான கருவி தேவையில்லை. ஒரு பலகை, தெளிவான பிளாஸ்டிக் குழாய், அடிமட்டம். குழாயை வளைத்துப் பலகையில் அடித்து, பாதிக்கு நீலம் கரைத்த தண்ணீர் விட்டு, ஒரு முனையை மெஷினோடு பொருத்த வேண்டும். தண்ணீர் ஒரு பக்கம் இறங்கும், மறுபக்கம் ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அழுத்தம். அந்தக் குழாயைக்கூட நான் வாங்கியது ஹாஜியாரிடம்தான். கிண்ணியாவில் அவருக்குப் படகுச் சாமான் கடை. நல்ல மனிதர். எங்களுக்குள் ஒரு சொல் கோபம் வந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் இருபத்தாறு வருடம் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் போகும் குழாய்களின் அழுத்தமானிகளைச் சோதித்தவன். ஓய்வுபெற்றபின் பாலையூற்றில் வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டேன். பிரஷர் பார்க்கும் கருவி, ஆஸ்துமாக்காரரின் நெபுலைசர், மூச்சு மெஷின் எல்லாம் வரும். சோதித்து, சரியென்றால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, திகதி போட்டுக் கையெழுத்து வைப்பேன். அது சீனன்குடாப் பழக்கம். அந்த ஸ்டிக்கரைக் கண்டால் கிளினிக்கில்கூட மறுகேள்வி கேட்கமாட்டார்கள். ஏறக்குறைய அறுநூற்று நாற்பது ஒட்டியிருக்கிறேன். ஒன்றையும் திருப்பி உரித்ததில்லை.

ஹாஜியாரின் மெஷின் எட்டு வருடத்துக்கு முன் கட்டாரிலிருந்து மகள் நப்லா அனுப்பியது. இந்த ஜனவரியில் அதன் சத்தம் மாறிவிட்டதென்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது அவர் மனைவி ஸுல்பிகா அறை வாசலில் நின்று சிரித்தார்.

"தம்பலகாமத்து யானை ஒண்டு வழி மாறி நம்மட அறைக்குள்ள வந்து படுத்திருக்கு அண்ணன். தும்பிக்கையும் இருக்கு, பாருங்க."

"யானைக்கு ஒண்டு நடந்தா அழப்போறது நீதான்," என்றார் ஹாஜியார்.

நான் பலகையை எடுத்து வைத்தேன். இங்கேதான் என்னுடைய தவறு நடந்தது. அதை நான் மறைக்கவில்லை. மூச்சு மெஷினின் முகமூடியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். வெளிவிடும் மூச்சு அதனூடாகத்தான் போகும். ஆனால் சீனன்குடாவில் துளை என்றால் கசிவு. கசிவை அடைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும், அப்படித்தான் என் கை பழகியது. துளைகளை ஒட்டும் ரேப்பால் மூடினேன், மெஷினைப் போட்டேன். நீலத் தண்ணீர் பன்னிரண்டில் போய் அசையாமல் நின்றது. பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன்.

"சரியா தம்பி?"

"உங்களைவிட அது நல்ல சுகமா இருக்கு ஹாஜியார்."

என்ன பிழை என்று உங்களுக்கு விளங்கியிருக்காது. குழாய்த் தண்ணீரை நினையுங்கள். குழாய்க்குள் பாசி அடைத்திருந்தாலும், பைப்பைப் பூட்டி வைத்திருக்கும்வரை உள்ளே அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். திறந்தால்தான் தெரியும், சொட்டுச் சொட்டாக வருகிறது என்று. மெஷினும் அப்படித்தான். துளைகளை அடைத்தால் களைத்துப்போன மோட்டரும் பன்னிரண்டு காட்டும். காற்று ஓடும்போது காட்டுகிறதா என்பதுதான் கேள்வி.

இது எனக்கு மூன்று கிழமைக்குப் பிறகு தெரிந்தது. மூதூரிலிருந்து ஒரு ரீச்சர் புத்தம் புதிய மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார், அதோடு ஒரு கையேடும். சோதிக்கும்போது துளைகளை அடைக்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே படம் போட்டிருந்தது. நான் வீட்டில் கிடந்த மற்ற மெஷின்களை அன்றைக்கே மறுபடி அளந்தேன். எல்லாம் சரி. அடுத்த நாள் கிண்ணியாவுக்குப் போனேன்.

ஹாஜியார் லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். ஸுல்பிகா குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தார். நான் அறைக்குள் போய்த் துளைகளைத் திறந்தபடியே அளந்தேன். தண்ணீர் ஐந்தில் நின்றது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பஞ்சு உக்கிக் கொட்டியிருந்தது, மோட்டரின் பெயாரிங் தேய்ந்திருந்தது. பன்னிரண்டு தேவையான மனிதருக்கு ஐந்து என்பது, நுளம்பு வலையை விரித்து ஒரு பக்கத்தை மட்டும் சொருகாமல் விட்டது மாதிரி. இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கலாம்.

என் சட்டைப் பையில் பிளேட் இருந்தது. ஸ்டிக்கரை உரிக்க மூன்று செக்கன் போதும். ஆனால் சேர், கிண்ணியா சின்ன இடம். படகுச் சாமான் கடையில் காலையில் சொன்ன கதை மத்தியானம் குறிஞ்சாக்கேணிக்குப் போய்விடும். ஒன்றை உரித்தால் அறுநூற்று நாற்பதையும் உரித்தது போலத்தான். சத்தமில்லாமல் மோட்டரை மாற்றியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். யோசித்தேன். அது கொழும்பிலிருந்து வரவேண்டும், மெஷினை நான்கு நாள் என்னிடம் தரவேண்டும். சரியான மெஷினுக்கு ஏன் புது மோட்டர் என்று ஹாஜியார் கேட்பார். வியாபாரி அல்லவா, கட்டாயம் கேட்பார்.

அதனால் ரேப்பையும் பலகையையும் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்து தேத்தண்ணீர் குடித்தேன். தொதல் இனிப்பும் வைத்தார்கள். நன்றாக இருந்தது.

பிறகு நோன்பு வந்தது. ஸுல்பிகா ஃபோன் எடுத்தார். "மனிசன் நோன்பு திறக்க எடுத்த பேரீச்சம்பழத்தைக் கையில வச்சுக்கொண்டே தூங்குறார் அண்ணன். மெசின் சரிதானே?"

"நோன்புக் களைப்பு தங்கச்சி. பெருநாள் முடிய எல்லாம் சரியாகும்."

நோன்பில் களைப்பு வரும் என்பது உண்மைதானே? நான் பொய் சொல்லும் பழக்கம் இல்லாதவன்.

ஏப்ரலில் மெஷின் கத்தத் தொடங்கியது. அழுத்தம் ஐந்துக்கும் கீழே இறங்கினால் எச்சரிக்க உள்ளே ஒரு மணி இருக்கிறது. நல்ல அமைப்பு. ஒரு சின்ன உணரி நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே இருக்கும். அது தூக்கத்தைக் கெடுக்கிறது என்றார் ஹாஜியார். நான் போய் அந்த மணியை நிறுத்திவைத்தேன். இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் பட்டியல் வரும், அதில் ஐந்தாவது. அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது.

கிளினிக்கில் வைத்தியர் மெஷினில் சந்தேகம் என்று சொல்லியிருக்கிறார். ஹாஜியார் ஃபோனில் எடுத்த ஸ்டிக்கர்ப் படத்தைக் காட்டியிருக்கிறார். அதனால் வைத்தியர் மெஷினை விட்டுவிட்டு மாத்திரையை மாற்றினார். நப்லாவும் கட்டாரிலிருந்து கூப்பிட்டாள். "வாப்பாக்குப் புதுசு ஒண்டு அனுப்பட்டா அங்கிள்? நீங்க ஓம் எண்டு சொன்னா நாளைக்கே போடுறன்."

"தேவையில்லை மகள். இதுவே நல்லா ஓடுது."

புதியது வந்தால் பழையதைக் கழற்றி யாராவது பார்ப்பார்கள். அது மட்டும்தான் என் யோசனை. அவருக்கு ஏதும் ஆகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை.

மே மாதம் குழாய் வாங்கக் கடைக்குப் போனேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசில் கையை வைத்தபடி கண்ணயர்ந்துவிட்டார். நான் தட்டி எழுப்பினேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "மெல்ரோய், உங்கட ஸ்டிக்கர் ஒண்டை என்ட நெத்தியிலயும் ஒட்டி உடுங்க. பாக்கிறவங்க ஆள் சரியெண்டு நம்பட்டும்."

நானும் சிரித்தேன். பகிடி விடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அதற்கு இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டு, பகல் தூக்கம் என்றாலும் மெஷினை மாட்டிக்கொண்டுதான் படுத்திருக்கிறார். அவ்வளவு ஒழுங்கான மனிதர். அஸர் தொழுகைக்கு எழுப்பப் போன ஸுல்பிகா, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னார். அது என் காதில் இன்னும் இருக்கிறது. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தூக்கத்தில் போன நல்ல மவுத்து என்று ஊரில் சொன்னார்கள். நப்லா வந்து, வாப்பாவின் ஞாபகமென்று சில சாமான்களோடு மெஷினுக்குள் இருந்த நினைவட்டையையும் எடுத்துக்கொண்டு போனாள். அந்த அட்டை ஒவ்வொரு நாளின் அழுத்தத்தையும் குறித்து வைக்கும் என்பதும், எச்சரிக்கை மணி எந்தத் திகதியில் நிறுத்தப்பட்டது என்பதுகூட அதில் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. கட்டாரில் ஒரு வைத்தியர் அதை வாசித்துச் சொன்னபடியால்தான் நீங்கள் என்னைப் பொலிஸுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நுட்பமான வேலை. தெரிந்திருந்தால் முன்னமே திறந்து பார்த்திருப்பேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மெஷின் பழுது என்று பெப்ரவரியிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மணியை நிறுத்தினேன், தெரிந்துகொண்டே புதியதை மறித்தேன். ஸைனுலாப்தீன் ஹாஜியாரைக் கொன்றது நான்தான். நீங்கள் அந்தச் சொல்லைத்தான் பாவிப்பீர்கள் என்றால் நான் மறுக்கவில்லை.

மெஷின் இப்போது எங்கே என்று மூன்றாம் தடவையாகக் கேட்கிறீர்கள். ஸுல்பிகாவுக்குத் தெரியாது. "யாராவது ஏழைக்குச் சதக்காவாக் குடுங்க அண்ணன்" என்று ஆட்களின் முன்னால் என் கையில் தந்துவிட்டார். அத்தனை பேர் பார்த்திருக்க, கொடுக்காமல் வைத்திருக்க ஏலுமா? தம்பலகாமத்தில் பாக்கியரத்தினம் என்று ஒரு கமக்காரர், அவருக்கும் இதே மூச்சு வருத்தம், மெஷின் வாங்க வசதியில்லை. போன கிழமை அவரிடம் கொடுத்தேன். கொடுக்குமுன் துளைகளைத் திறந்துதான் அளந்தேன், இந்தமுறை சரியான முறையில். நாலரை. இது ஓடுமா என்று அவர் மனைவி கேட்டார். ஸ்டிக்கரைக் காட்டினேன்.

இப்போது நேரம் இரண்டு. வயலிலிருந்து வந்து சாப்பிட்டுப் படுத்திருப்பார். கண்டி வீதியால் போனால் அரை மணித்தியாலம், நெல் ஆலைக்கு முன்னால் நீலக் கேற். நீங்கள் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை சேர். ஆனால் ஒரு உதவி. சேர்விஸுக்கு என்று சொல்லி வாங்குங்கள். பழுது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்தப் பக்கத்தில் எனக்கு நல்ல பெயர்.