நம் வீட்டு ஐஸ்

—போயிட்டாங்களா?

—வண்டி தெருமுனை திரும்பிடுச்சுப்பா. ஒக்காருங்க.

—ஒக்காரல. ஐஸ் டிப்போ வச்சிருந்தா பவுல்சாமி பெரிய ஆளா? பொண்ணு பாக்க வந்த வீட்ல சர்பத்து கிளாஸைத் தூக்கிப் பாத்து, "இது டிப்போ ஐஸாச்சே"ன்றான்!

—அவரு தொழில் அது. கண்ணு தானா போகும்.

—வீட்டு ஐஸ் பெட்டியில வெள்ளையாத்தான் வருமாம். காலமெல்லாம் சயன்ஸ் நடத்தினவன் நான், கேட்டுக்கோ. எல்லாப் பக்கமும் ஒண்ணா உறைஞ்சா, தண்ணியில இருக்கிற காத்து நடுவுல மாட்டிக்கும். அதான் வெள்ளை. பாத்திரத்தைச் சுத்தி மரத்தூள் அடைச்சு மேல மட்டும் திறந்து வச்சா, மேலேர்ந்து உறையும், காத்து அடியில ஒதுங்கும். அடியை வெட்டி எறிஞ்சா கண்ணாடி!

—தெரியும்ப்பா. ஒரு வாரமா வெட்டுனது நான்தானே. விரல்ல உணர்ச்சியே இல்ல.

—பையன் பிலிப்புக்கு இருக்கிற அறிவு அப்பனுக்கு இல்ல, நோரா. "பாத்தாலே தெரியுது, வீட்டு ஐஸ்தான்"னு அவனே சொன்னான். அப்பவும் அந்தாளு சிரிச்சான். எழுந்து போங்கடான்னேன். தப்பா?

—மாதா மேல ஆணைன்னீங்களே, அது வேணாம்ப்பா.

—நிஜத்துக்குத்தானே ஆணையிட்டேன்!

—நம்மது கெரசின்ல ஓடுற ஐஸ் பெட்டியாச்சே, ராத்திரி அதுக்கு அடியில எரியிற விளக்கு அணைஞ்சிடுச்சு. கெரசின் இல்ல. காலையில பாத்தா எல்லாம் தண்ணி.

—என்ன சொல்றே?

—யுத்தம் முடிஞ்சும் கெரசின் ரேஷன்தானே. யார் வீட்ல போய்க் கேக்க?

—அப்போ சர்பத்துல மிதந்தது?

—பூசை முடிஞ்சு வரும்போது வாங்கினேன். லஸ் கடைத்தெருவுல.

—எங்கிட்ட ஏன் சொல்லல?

—சொன்னா வர வேணாம்னு ஆள் அனுப்பியிருப்பீங்க. போன தடவ பீங்கான் தட்டு ஒண்ணு விரிசல் விட்டதுக்கே அனுப்பினீங்க. எனக்கு முப்பது ஆகப் போகுதுப்பா.

—லஸ்ல இருக்கிறது பவுல்சாமி டிப்போ ஒண்ணுதான். அவன் உன்னைப் பாத்தானா?

—அவரு இல்ல. வேற ஒருத்தர் இருந்தாரு. "வீட்ல விசேஷமா?"ன்னு கேட்டுட்டு, நல்லாத் தெளிவா இருக்கிற இடமாப் பாத்து அறுத்துக் குடுத்தாரு. யாருன்னு எனக்கு அப்போ தெரியாது. சாயங்காலம் நம்ம வாசப்படி ஏறுனப்பதான் தெரிஞ்சுது.

—யாரு?

—"பாத்தாலே தெரியுது, வீட்டு ஐஸ்தான்"னு சொன்னவருதாம்ப்பா.