ஓடைக்கரைப் பாதையின் தூய்மை

நடைப்பயிற்சி உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்மை பயக்கும் என்பதை யாவரும் அறிவர். நானும் அறிவேன். ஆகவே அடி அண்ணாமலையில் ஓடைக்கரை நெடுகச் சிமெண்டுக் கற்கள் பதித்துப் பாதை அமைத்தபோது, எங்கள் தெருவில் முதலில் மகிழ்ந்தவன் நான்தான். ஒருபுறம் ஓடை, மறுபுறம் புங்க மரங்கள், நிமிர்ந்தால் மலை. நடப்போர் ஒரு பக்கமும் சைக்கிளில் செல்வோர் மறுபக்கமும் போகும்படி நடுவே மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். இத்தனை ஒழுங்கான ஒன்றை நம் பக்கத்தில் நான் அதற்குமுன் கண்டதில்லை.

காவல் ஆய்வாளர் அம்மா, நீங்கள் பொறுமையுடன் கேட்பதால் நானும் முறையாகவே சொல்கிறேன்.

அந்த ஒழுங்கு நிலைக்கவில்லை. கோழிக்கடைக் கழிவைப் பையில் கட்டி ஓடையில் எறிந்தார்கள். பை கிளையில் மாட்டிக்கொண்டு, அதிலிருந்து ஏதோ சொட்டிக்கொண்டே இருந்தது. அதையும் நான் பொறுத்தேன். என்னால் பொறுக்க முடியாதது எச்சில். காய்ந்தால் போய்விடும் என்று எண்ணுவோர் உண்டு. போகாது. கற்களின் இடுக்கில் பாகுபோலத் தங்கும். ஈ உட்காரும். பின்பு வெறுங்காலுடன் ஒரு பக்தர் அதன்மேல் நடந்து, கிரிவலப் பாதை முழுவதும் அதைக் கொண்டுபோவார். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஆகவே நாள்தோறும் காலையில் வாளியும் துடைப்பமும் எடுத்துச் சென்று கழுவினேன். எவரும் சொல்லிச் செய்யவில்லை. ஒரு தகரப் பலகையும் வைத்தேன். நான் எழுத்துக் கற்றது நாற்பது வயதுக்கு மேல். எனவே ஒவ்வோர் எழுத்தையும் பென்சிலால் வரைந்து, அதன்பின்பே பெயிண்ட் பூசினேன். "அன்புகூர்ந்து இப்பாதையில் எச்சில் உமிழற்க" என்பது வாசகம்.

அருணகிரி அந்தப் பலகையின் முன் சைக்கிளை நிறுத்தினார். மாவு மில் வைத்திருந்தவர். சர்க்கரை நோய்க்காக மருத்துவர் சைக்கிள் ஓட்டச் சொன்னதால் தினமும் வருவார். ஒரு கன்னம் எப்போதும் உப்பியிருக்கும்.

"இன்னா சார் இது, உமிழற்க? உமியை எடுத்தாரச் சொல்றீங்களா, வாணாம்ன்றீங்களா?" என்றார்.

"துப்பக் கூடாது என்று பொருள்" என்றேன்.

"அத்த அப்டியே எழுதிட்டுப் போங்களேன். துப்புறவன் நின்னு அர்த்தம் கேட்டுக்கினா துப்புவான்? இன்னா சார் நீங்க, இந்தப் பாதை உங்க மாமனார் ஊட்டு சீர் மாதிரி காவல் காக்குறீங்க. அந்தா பாருங்க, ஒரு இலை வுழுவுது. ஓடிப்போய்ப் புடிங்க."

அவருக்குப் பின்னால் நடந்து வந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை; கோபப்படவும் இல்லை. கோபம் கல்லாதவரின் இயல்பு.

மறுநாள் காலை, பலகையின்மேல் சிவப்பாக ஒரு வாய் வெற்றிலைச் சாறு வழிந்திருந்தது. 'அன்பு' என்ற சொல் முழுவதும் மறைந்துவிட்டது. அதை நான் கையாலேயே துடைக்க நேர்ந்தது. அது இன்னும் ஈரமாகவும் இளஞ்சூடாகவும் இருந்ததாக எனக்குத் தோன்றியது. உப்பிய கன்னம் எவருடையது என்று எனக்குத் தெரியும். வேறு சான்று தேவைப்படவில்லை.

பாதையின் வளைவில் ஊர்ச் சாக்கடை ஒன்று குறுக்கே வந்து ஓடையில் விழுகிறது. அதைக் கற்பலகைகளால் மூடியிருக்கிறார்கள். கீழே ஆள் உயரக் குழி. சைக்கிள் செல்லும் பக்கத்தில் கற்பலகை ஒன்று முன்பே விரிசல் விட்டுத் தளர்ந்திருந்தது. ஐப்பசிப் பௌர்ணமி அன்று விடிந்ததும், கடப்பாரையால் அதை நெம்பி ஓரத்தில் வைத்தேன். குழியின்மேல் ஒரு கோணிப்பையை இழுத்துக் கட்டிப் புங்க இலைகளைத் தூவினேன். என் நோக்கம் கல்வி புகட்டுவது மட்டுமே. பிறர் காலடியில் அவர் எதை வைத்தாரோ, அதில் அவர் ஒருமுறை கழுத்தளவு நிற்க வேண்டும். வேறொருவர் தவறி விழுந்துவிடக் கூடாதென்று நான் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். பௌர்ணமியன்று ஊரார் அனைவரும் கிரிவலச் சாலையில் கடை போடப் போய்விடுவார்கள். ஓடைப் பக்கம் எவரும் வருவதில்லை.

அவர் வந்தார். விழுந்தார். சைக்கிளும் அவர்மேல் விழுந்தது. கால் ஒடிந்த ஒலி கேட்டது. எழுந்த நாற்றத்தில் நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"சார்! சார், கால் போச்சு சார். போனு சேத்துல பூட்ச்சி. யாரையாவது கூப்புடுங்க சார்."

நான் கூப்பிட்டிருப்பேன். ஆனால் அதற்குமுன்பே மலையை நோக்கிக் கும்பிட்டு வலத்தைத் தொடங்கியிருந்தேன். பௌர்ணமி தோறும் நான் மௌனமாக வலம் வருபவன். தொடங்கிய வலத்தை இடையில் நிறுத்தக் கூடாது; வந்த வழியே திரும்பவும் கூடாது. இது நான் வகுத்த விதியன்று. எனவே பேசாமல் குழியைக் கடந்து நடந்தேன். பாதை கிரிவலச் சாலையைச் சேருமிடத்தில் ஒரு தடுப்புக் கம்பி கிடந்தது. பொதுமக்கள் எவரும் அவ்வழியே சென்று துன்புறக் கூடாது என்று, அதைக் குறுக்கே இழுத்துப் போட்டேன்.

சாலையில் சுக்குக் காபி விற்கும் காசியம்மாள் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், இன்னிக்கும் வாய்ப்பூட்டா? ஒரு காபி குடிச்சுட்டுப் போங்க. ஆமா, அந்த மாவு மில்லுக்காரு அந்தாண்ட வந்தாரா? அவரு சம்சாரம் ஜோதி இட்லி எடுத்துக்கினு தேடுது."

நான் புன்னகை செய்து, கைகளால் கும்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தியா, சாமியாராவே ஆயிட்டாரு" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிச் சிரித்தார்.

வழியில் முதலுதவிப் பந்தல் ஒன்றும் காவலர் பந்தல் இரண்டும் இருந்தன. நான் அவற்றையும் மௌனமாகவே கடந்தேன். உங்களைக்கூட ஒரு பந்தலில் பார்த்த நினைவு. நகருக்குள் நுழைந்தபோது மலையின்மேல் மேகம் இறங்கி மழை பிடித்துக்கொண்டது. மலையில் மழை பெய்தால் ஓடை நிறையும், சாக்கடை எதிர்த்து ஏறும். ஓடைக்கரையில் வசிப்பவனாகிய எனக்கு இது தெரியாததன்று. பாதை நன்றாகக் கழுவப்படும் என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியை நான் மறைக்க விரும்பவில்லை.

அவருக்கு வெற்றிலைப் பழக்கமே இல்லை, சர்க்கரை திடீரெனக் குறைந்தால் உதவுமென்று கன்னத்தில் கற்கண்டு அடக்கிவைப்பார் என்று ஜோதியம்மாள் கூறியதாக நேற்று நீங்கள் சொன்னீர்கள். அது என்னைச் சற்று நேரம் சிந்திக்கவைத்தது. இருக்கலாம். ஆயினும் கற்கண்டு கரைந்தாலும் எச்சில் ஊறத்தானே செய்யும்?

இனி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். நான் வலம் முடித்துத் திரும்பியபோது அவர் எந்த நிலையில் இருந்தார்?

மழை விட்டிருந்தது; ஓடை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. தடுப்புக்கு அப்பால் எவரும் வந்திருக்கவில்லை. குழிக்கு முன் நின்று மலையைக் கும்பிட்டு வலத்தை முறைப்படி நிறைவு செய்தேன். மௌனமும் அத்துடன் முடிந்தது. அதன்பின் கூப்பிடவோ, ஓடவோ, குனியவோ என்னைத் தடுக்க எந்த விதியும் இல்லை. இதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

அவர் உயிருடன் இருந்தார். தண்ணீர் மோவாய்க்கு வந்திருந்தது. தலையை மேலே தூக்கி மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு கையை உயர்த்தி நீட்டினார். குனிந்தால் எட்டும் தூரம்தான். அந்தக் கையில் முழங்கை வரை கருப்பாகச் சேறு வழிந்தது. விரலிடுக்கில் ஏதோ மயிர் சுற்றியிருந்தது. நகக்கண்ணில் வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது. விரல்கள் மட்டும் திறந்து திறந்து மூடின.

நானும் என் கையை நீட்டினேன், அம்மா. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பாதி தூரம் நீட்டினேன். எங்கே பாதையிலேயே வாந்தி எடுத்து அதை அசுத்தப்படுத்திவிடுவேனோ என்று அஞ்சி, கையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ரப்பர் கையுறை அலமாரியில் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. சோப்புப் போட்டுக் குளித்து, வேட்டி மாற்றி, ஈரத் தலையைத் துவட்டிய பிறகு அதை அணிந்துகொண்டு திரும்பி வந்தேன்.

கை அப்போதும் மேலேதான் இருந்தது. விரல்கள் அசையவில்லை. அவர் என்னை நம்பியிருந்தால் இன்னும் சற்று நேரம் பொறுத்திருப்பார்.